துருத்தியின் ஜோடி

டோர்ஃபினுக்கு மூச்சு விடத் தெரியாது. ஹெல்லவிக் முக்குளிப்பு கிளப்பில் எல்லோரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட விஷயம் இது ஒன்றுதான், டோர்ஃபினேகூட மறுத்ததில்லை. தரையில் நாற்பத்தொன்பது வருடமாக ஒழுங்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் போனால்தான் வம்பு. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் வருகிற சிலிண்டர் அவனுக்கு இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டாது. அதனால் அவனுக்குத் துருத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். கொல்லன் பட்டறைத் துருத்திகூட நடுநடுவே ஓய்வெடுக்கும் என்பார் கரைப் பொறுப்பாளர் சிக்வே.

அவன் பாட்டுக்குக் காற்றைத் தீர்த்துவிட்டு அவன் பாட்டுக்கு மேலே வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கடலுக்கடியில் எல்லாமே ஜோடி. சேர்ந்து இறங்கியவர்கள் சேர்ந்துதான் ஏற வேண்டும். டோர்ஃபினோடு போகிறவர் பாதிச் சிலிண்டருக்கு மேல் காற்றை முதுகில் வைத்துக்கொண்டே அவனோடு கரையேற வேண்டியதுதான். படகுக் கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணிகள்; ஆளுக்கொரு பெயர் பொறித்த பித்தளை வில்லை. புதன்கிழமை மாலை வருகிறவர்கள், யாரோடு இறங்க விருப்பமோ அவர் வில்லைக்குப் பக்கத்தில் தங்களுடையதை மாட்டுவார்கள். டோர்ஃபினுக்குப் பக்கத்து ஆணி கடைசிவரை காலியாகவே கிடக்கும். தாமதமாக வருகிறவர் தலையில்தான் அவனைக் கட்டுவார்கள். அந்த ஆள் உச்சுக்கொட்டுவார், மற்றவர்கள் சிரிப்பார்கள், டோர்ஃபினும் சிரிப்பான். ஆறு வருடமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சிரிப்பு அவனுக்குக் கசக்கும்.

ஆறு வருடத்தில் அவன் பார்க்காத ஒன்று இருந்தது. கொட்டகையிலிருந்து பாறைச்சுவரைப் பிடித்துக்கொண்டே அரை மணி நேரம் நீந்தினால், வளைவு தாண்டி ஒரு குகைப் பொந்தில் ஓநாய்மீன் ஒன்று குடியிருந்தது. கிழட்டு மூஞ்சி, கோணல் பல், கடன்காரனைப் பார்ப்பதுபோல் ஒரு முறைப்பு. கிளப்பில் எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். போன வருடம் சேர்ந்த பள்ளிக்கூடப் பெண்கூடப் பார்த்துவிட்டாள். டோர்ஃபின் மட்டும் பார்க்கவில்லை. வளைவுக்கு முன்பே அவன் காற்று தீர்ந்துவிடும்.

இந்தக் குளிர்காலத்தில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். மே மாதத்துக்குள் மூச்சைச் சரிசெய்வது, இல்லையென்றால் முக்குளிக்கிற உடையை விற்றுவிட்டு கிளப்பை விடுவது. வாரம் மூன்று நாள் நகராட்சி நீச்சல்குளத்துக்குப் போனான். மிதக்காமல் இறங்குவதற்காக இடுப்பில் கட்டுகிற ஈயத்தில் இரண்டு கிலோ குறைத்தான். பயணிகள் படகின் சிற்றுண்டிக் கூடத்தில் அவனுக்குத் தடித்த ஆப்பம் சுடுகிற வேலை. கல்லில் மாவை ஊற்றிவிட்டு, ஒன்று முதல் ஆறு வரை எண்ணி இழுப்பான், ஒன்று முதல் எட்டு வரை எண்ணி விடுவான். வரிசையில் நின்ற பயணிகள், மனுஷனுக்கு ஏதோ காதல் தோல்வி என்று பேசிக்கொண்டார்கள்.

மே மாதத்தில் ஒரு புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தவன் ஆணிப்பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். அவன் வில்லைக்குப் பக்கத்தில் ஓஷில்டின் வில்லை தொங்கியது.

ஓஷில்ட் கிளப்பிலேயே கெட்டிக்காரி. பாதிப் பேருக்கு முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். பிப்ரவரியில் இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் குளிருக்கு அவள் மூச்சுக்கருவி உறைந்து, காற்று நிற்காமல் வெளியே கொட்டியது. ஜோடியிடம் இருந்த இரண்டாவது கருவியை வாங்கிக் கடித்துக்கொண்டு நிதானமாக மேலே வந்தாள். அன்றைக்கே, முக்குளித்த பிறகு கிளப்பில் சுடுகிற வாஃபிள் அப்பத்தைத் தின்றுகொண்டு அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னாள், எல்லோரும் மெச்சினார்கள். அதற்குப் பிறகு அவள் இறங்கவில்லை. ஒரு வாரம் சளி, ஒரு வாரம் உடையில் ஓட்டை, ஒரு வாரம் பரீட்சைத்தாள் திருத்த வேண்டும். யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. டோர்ஃபினும்தான்.

அவளே முதல் ஆளாக வந்து, அவனைத் தேடி மாட்டியிருக்கிறாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நான் முன்னேறியது இவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். மனிதன் தனக்கு வேண்டியதைத்தானே நினைப்பான்.

எட்டுப் பேர் வந்திருந்தார்கள். நான்கு பேர் முதலில், மிச்ச நான்கு பேர் அவர்கள் வந்த பிறகு என்று ஏற்பாடு. சிக்வே துறைமேடையில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் பலகையோடு உட்கார்ந்திருந்தார். பெயர், இறங்கும் நேரம், மீட்டர் காட்டும் காற்று. திரும்பி வந்ததும் அதே மூன்றும். மீட்டரை அவர் எட்டிப் பார்ப்பதில்லை. சொன்னதை எழுதுவார். அந்தப் பலகையில் யாரும் பொய் சொன்னதில்லை.

இருவருக்கும் இருநூறு, நிறை சிலிண்டர். ஆறு பதினெட்டுக்கு இறங்கினார்கள்.

தண்ணீர் ஏழு டிகிரி. உடைக்கும் முகமூடிக்கும் நடுவில் உதடு மட்டும்தான் வெளியே தெரியும், அந்த உதடு மரத்துப்போக அரை நிமிடம் பிடித்தது. மேலே மாலை வெளிச்சம் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. டோர்ஃபின் எண்ணத் தொடங்கினான். ஆறுக்கு இழு, எட்டுக்கு விடு. பாசிக்காட்டைத் தாண்டினார்கள், பழைய நங்கூரத்தைத் தாண்டினார்கள். வழக்கமாக நங்கூரத்துக்கு வரும்போது அவன் மீட்டர் நூற்றுக்குக் கீழே கிடக்கும். இன்றைக்கு நூற்று ஐம்பது. ஓஷில்ட் எப்போதும் முன்னால் போகிறவள். இன்று அவன் தோளோடு ஒட்டியே வந்தாள். மரியாதைக்காக என்று எடுத்துக்கொண்டான்.

இருபத்துநான்காவது நிமிடம் மீட்டரைப் பார்த்தபோது நூற்று இருபத்தைந்து இருந்தது. வளைவு கண்ணுக்குத் தெரிந்தது. அவனுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது, வாயில் கருவி இருந்ததால் தப்பித்தான். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவனிடம் காற்று மிச்சம் இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம், அந்தக் கிழட்டு மூஞ்சியைப் பார்த்துவிடலாம். மீட்டரை அவளிடம் காட்டவேண்டும் என்று திரும்பினான்.

ஓஷில்ட் பாறை வெடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நீரோட்டமே இல்லாத இடம் அது. அவள் தலைக்குமேல் குமிழிகள் இடைவெளி இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தக் குமிழிகளை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருடமாக அவன் தலைக்குமேல் போனவை அவைதான். அவள் மீட்டரைத் திருப்பிப் பார்த்தான். எண்பது. யாரைவிடவும் சிக்கனமாக மூச்சு விடுகிறவளுக்கு எண்பது.

நன்றாக இருக்கிறாயா என்று விரலை வட்டமாக்கிக் கேட்டான். நன்றாக இருக்கிறேன் என்று அவளும் வட்டம் காட்டினாள். அந்த வட்டம் நடுங்கியது.

கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் உயர்த்தலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு ஓஷில்ட் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். அவளால் ஏன் உயர்த்த முடியவில்லை என்பது டோர்ஃபினுக்கு மட்டும் புரிந்தது. ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள், சரி. ஆனால் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவனைக் கேட்டால் சொல்லுவான்.

அவன் வளைவைப் பார்த்தான். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளை இங்கேயே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டுப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டான். பிறகு முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்துக் காட்டினான். என் காற்று தீரப்போகிறது. கட்டைவிரலை உயர்த்தினான்.

அவள் அவசர அவசரமாகத் தலையாட்டினாள். ஏறும்போது அவன் தோள்பட்டை வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஐந்து மீட்டர் ஆழத்தில் வழக்கப்படி மூன்று நிமிடம் நின்றபோதும் விடவில்லை.

நீர்மட்டத்திலேயே மல்லாந்து நீந்தித் துறைமேடைக்குத் திரும்பினார்கள். அவர்கள் தலை வெளியே தெரிந்த நேரத்தைச் சிக்வே அப்போதே பலகையில் குறித்திருந்தார்.

"முப்பத்தோரு நிமிஷம். பரவாயில்லையே, துருத்தி தேறிட்டான். எவ்வளவு மிச்சம்?"

"அம்பது," என்றான் டோர்ஃபின்.

உடை மாட்டிக்கொண்டு நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். அதில் ஒருத்தன், பாவம் ஓஷில்ட், மூணு மாசம் கழிச்சு எறங்கியும் இப்படி ஒரு அதிர்ஷ்டம் என்றான். டோர்ஃபினும் வழக்கம்போலச் சிரித்துவைத்தான். சிக்வே பலகையில் ஐம்பது என்று எழுதினார். நீச்சல்குளம், ஈயம், ஆப்பக்கல், எல்லாம் அந்த ஐம்பதுக்குள் போய்விட்டன.

ஓஷில்ட் ரப்பர் தலையுறையைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது. அவன் இடுப்பில் தொங்கிய மீட்டரை எடுத்துத் திருப்பினாள்.

"சிக்வே, அத அழிங்க. இவன் பொய் சொல்றான். நூத்திப் பத்து இருக்கு."

சிக்வே பென்சிலைத் தூக்கியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னோடது அறுபது. எனக்குத்தான் முடியல. பிப்ரவரியிலேருந்தே முடியல. சளியும் இல்ல, ஓட்டையும் இல்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் டோர்ஃபின் பக்கம் திரும்பினாள்.

"உன் பக்கத்துல ஏன் மாட்டினேன் தெரியுமா? உன்கூட வந்தா இருபத்தஞ்சு நிமிஷத்துல மேல வந்துடலாம். யாரும் எதுவும் நெனைக்க மாட்டாங்க. அதுக்காகத்தான்."

அவனுக்குச் சுருக்கென்றது. ஒரு மணி நேரமாக அவன் மனதுக்குள் ஊதி வைத்திருந்த பெருமையெல்லாம் ஒரே நொடியில் இறங்கிப்போனது. கோபப்பட்டிருக்கலாம். ஆனால் அவள் இன்னும் அவன் மீட்டரை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தான்.

"நல்ல ஆளாப் பாத்துத்தான் புடிச்ச," என்றான். "ஆறு வருஷமா வராத மூச்சு, இன்னைக்குன்னு பாத்து வந்து தொலைச்சிருக்கு."

ஓஷில்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடல்தண்ணீர் என்று சொல்லிப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை. பாவம் ஓஷில்ட் என்றவன் குனிந்து தன் கால்வாரை மறுபடி மறுபடி இறுக்கினான். சிக்வே ஐம்பதை விரலால் தேய்த்து அழித்தார். நூற்றுப் பத்து என்று பெரிதாக எழுதினார். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. இந்தத் தடவை ஒருத்தரும் பார்க்கவும் இல்லை.

வாஃபிள் மாவு தயாராக இருந்தது, பழுப்புப் பாலாடைக்கட்டி சீவி வைத்திருந்தது. அதோடு அன்றைய பொழுது முடிந்திருக்கலாம். உடையைக் கழற்ற உட்கார்ந்த ஓஷில்ட் கழற்றவில்லை. இன்றைக்கு இப்படியே வீட்டுக்குப் போனால் இனி வரமாட்டேன் என்று டோர்ஃபினுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். அவனுக்கும் அது தெரியும். அப்படி எத்தனை புதன்கிழமைகள் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

"எழுந்து நின்னா தலை வெளிய வரணும்," என்றாள். "அதுக்கு மேல ஆழம் வேண்டாம். வர்றியா?"

"நான் கொஞ்சம் குட்டை. எனக்கு எங்க தலை வருதோ அங்க நிப்போம்."

அவள் புது சிலிண்டர் மாட்டிக்கொண்டாள்; இந்தத் தடவை அவள் கேட்காமலே நான்கு பேரும் வந்து கைகொடுத்தார்கள். சிக்வே பலகையில் இன்னொரு வரி தொடங்கினார். பெயர் இரண்டு, காற்று இருநூறு, நூற்றுப் பத்து. எத்தனை நிமிடம் என்று போட வேண்டும் என்று கேட்டார்.

ஓஷில்ட் டோர்ஃபினைப் பார்த்தாள்.

"இவன் காத்து தீர்ற வரைக்கும்."

அந்தக் கிளப்பில் இந்த வார்த்தையை எத்தனையோ பேர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லை. டோர்ஃபின் கருவியைச் சீக்கிரமாக வாயில் வைத்துக்கொண்டான்.

மணலில் எதிரெதிரே முட்டிபோட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் தலைக்குமேல் ஒரு முழம்தான் இருந்தது. அவள் அவன் இரண்டு கைகளையும் பிடித்திருந்தாள். விரல் நோகப் பிடித்திருந்தாள். அவள் குமிழிகள் கொட்டின, அவனுடையவை ஒவ்வொன்றாகப் போயின. அவன் இழுக்கும்போது அவள் கையை மெதுவாக அழுத்தினான், விடும்போது தளர்த்தினான். ஐந்து நிமிடம்வரை அவளுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு தடவை எழுந்து நின்று தலையை வெளியே நீட்டினாள். இரண்டு தடவையும் அவனும் எழுந்து நின்றான். மூன்றாவது தடவை உட்கார்ந்தபோது அவள் அழுத்தத்துக்கு இழுத்தாள், தளர்வுக்கு விட்டாள்.

பதினோராவது நிமிடம் ஒரு கையை விட்டாள்.

டோர்ஃபின் மீட்டரைப் பார்த்தான். தொண்ணூறு இருந்தது. இன்னும் நிறைய நேரம் இருந்தது.