அமுக்கி அனுப்பு

விடிந்தும் விடியாத நேரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், அந்த அச்சுக்கூடத்தின் வாசலில் நின்ற டெம்போவிலிருந்து அட்டைக் கட்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன. கட்டு ஒன்று முப்பது கிலோ. நைலான் கயிறு விரல் மடிப்பில் ஏறி அறுத்தது. கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற ஞானகுமாரிக்கு இது வேலையே இல்லை. "ஆள் பத்தலம்மா, காலையில சீக்கிரம் வந்து ஒரு கை குடுங்க" என்று முதலாளி ராஜசேகரன் சொல்லிவிட்டார். பட்டாபிராமிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்து, நாற்பத்தெட்டு வயது இடுப்பை வளைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"புச்சாத்தானே கீது, இன்னாத்துக்குத் திருப்பி அனுப்பிக்கீறான்?" என்றாள் சுசீலா. பஞ்சிங் மெஷினில் அட்டையை வெட்டுகிறவள்.

அச்சு மெஷின் ஓட்டும் கோதண்டம் ஒரு கட்டைப் பிரித்து அட்டையை நீட்டினான். "மூக்கப் பாரு."

வலித் தைலத்துக்கான அட்டைப் பெட்டி அது. பின்னால் பச்சைக் காடு, புகைப்படம். அதன்மேல் தைலக் கம்பெனியின் லோகோ, ஒரு மரங்கொத்தி. ஊசிபோல் இருக்கவேண்டிய அலகு எலி கடித்ததுபோல் படிப்படியாக உடைந்து, நுனி மங்கிக் கிடந்தது. 'எங்க பறவைக்கு மூக்கு எங்கய்யா?' என்று கேட்டு மொத்த லோடையும் கம்பெனிக்காரர்கள் திருப்பிவிட்டார்கள்.

"மூக்கு உடைஞ்சது குருவிக்கா, மொதலாளிக்கா?" என்று சிரித்தாள் சுசீலா. யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"ஏன்க்கா, காடு மட்டும் பளிச்சுனு கீது. குருவி மட்டும் எப்டி உடைஞ்சுது?" என்றான் கோதண்டம்.

ஞானகுமாரி கட்டின்மேலேயே உட்கார்ந்தாள். "காடு போட்டோப்பா. போட்டோன்னா புள்ளிங்க. ஒரு இலை மங்கினா யாருக்குத் தெரியப்போவுது? லோகோ அப்படியில்ல, கோடு. இங்கேர்ந்து அங்க வரைக்கும் இப்படி வளைன்னு ஒரு கணக்கு. தீப்பெட்டி மேல போட்டாலும் கூரு, பஸ்ஸு மேல போட்டாலும் அதே கூரு. காட்டைக் கீழ வச்சு, குருவியைக் கோடாவே மேல உக்காரவச்சு அனுப்பணும். ரெண்டையும் ஒரே படமா அமுக்கினா கோடும் புள்ளியாயிடும். அப்புறம் பெருசா இழுத்தா உடையத்தான் செய்யும்."

"தெரிஞ்சுமா அமுக்கின?"

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "ஏன் அமுக்கினேன்னு உனக்குத் தெரியாது?"

தெரியும். அச்சுக்கான பிளேட் எடுக்கிற அறையில் இருப்பது கிழட்டுக் கம்ப்யூட்டர். கோடு தனியாக வந்தால் அரை மணி நேரம் முக்கும். புதிது வாங்காமல், இரண்டு வருஷமாக முதலாளி ஒரே பாட்டுத்தான் பாடுகிறார்: "அமுக்கி அனுப்பும்மா." இந்தத் தைலத்துக்கும் முதலில் சின்னப் பெட்டிதான் கேட்டார்கள். பிறகு பெரியது கேட்டபோது, "அதே படத்தை இழுத்துப் போடு" என்றார். கோடு தனியாகப் போகட்டும் என்று அவளும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தரம் சொல்லத் தெம்பில்லை.

ஒன்பது மணிக்கு ராஜசேகரன் வந்தார். சத்தம் போடவில்லை. கையகல வெள்ளைத்தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"ஞானம்மா, தப்பு யாருதுன்னு தைலக் கம்பெனியில எழுத்துல கேக்கறாங்க. ரெண்டே வரி எழுதிக் குடுங்க. 'என் கவனக்குறைவு, வேலையிலேர்ந்து நின்னுக்கறேன்'னு."

"நான் சொன்னேனே சார், கோடு தனியா இருக்கட்டும்னு."

"சொன்னீங்களா? எங்கம்மா எழுதி வச்சிருக்கீங்க?"

அவர் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார்.

"டேய் கோதண்டம், நீயும் எழுது. பைல் வரும்போதே உடைஞ்சு வந்துச்சுன்னு. ஓகே ஷீட்ல உன் கையெழுத்துதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

மெஷினை முழுசாக ஓட்டுமுன் முதலில் விழுகிற நல்ல தாளைப் பார்த்து முதலாளி கையெழுத்துப் போடவேண்டும். அதுதான் ஓகே ஷீட். இந்த முதலாளி நேரத்துக்கு வந்தால்தானே? "நீயே போட்டுக்கடா" என்பார். அவனும் பெரிய மனுஷன்போலப் போட்டுக்கொண்டே வந்தான்.

"ஒருத்தர் மேல எழுதினா ஒருத்தர் தப்பிக்கலாம். ரெண்டு பேரும் முறைச்சா ரெண்டு பேரும் வெளிய. பத்து நிமிஷம்" என்று கண்ணாடி அறைக்குள் போனார்.

ஞானகுமாரி பேனாவை எடுத்தாள். இப்படி ஒரு கடிதத்தோடு வெளியே போனால் இந்தப் பேட்டையில் எந்த அச்சகமும் அவளுக்கு நாற்காலி போடாது. இந்த வயசில் வேறெங்கே போவது? ஆனால் வாதாடவும் அலுப்பாக இருந்தது. 'ஐயா' என்று தொடங்கினாள்.

"இரு, அக்கா" என்றான் கோதண்டம்.

"வுடுப்பா. எழுதிட்டுப் போறேன். உனக்குச் சின்னச் சின்னப் புள்ளைங்க."

"மொத ஷீட்டுலயே பாத்தேன்க்கா. மூக்கு மொட்டையா கீதேன்னு நெனச்சேன். நமக்கின்னா, டிசைன் அக்கா பாடுன்னு ஓட்டிட்டேன்."

சுசீலா தலையைக் குனிந்துகொண்டாள். "நானுந்தான் பாத்தேன். சொன்னா 'உன் வேலையப் பாருடி'ம்பாரு. அதான், என் வேலையப் பாத்தேன்."

ஞானகுமாரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த கோபம் தன்மேலேயே திரும்பியது. "அப்ப மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. குருவியை மட்டுமா அமுக்கினோம்? வாயையும் சேத்துல்ல அமுக்கிக்கினு இருந்தோம்."

"இப்ப இன்னா பண்றது?" என்றான் கோதண்டம்.

"இன்னா பண்றது, உண்மையை எழுதறது."

'ஐயா'வுக்குக் கீழே அவள் எழுத எழுத, கோதண்டம் தோளுக்குமேல் எட்டி உரக்கப் படித்தான்: "ஒரே படமாக்கி அனுப்பச் சொன்னது நிர்வாகம். உடைந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தது எங்கள் தப்பு. இனி லோகோ கோடாகவே வரும். முதல் தாளில் முதலாளி கையெழுத்து விழாமல் மெஷின் ஓடாது. இதற்காக யாரையாவது நிறுத்தினால் எல்லோரும் நிற்போம்."

மூவரும் கையெழுத்திட்டார்கள். கோதண்டம் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மெயின் சுவிட்சை இறக்கினான்.

சத்தம் நின்றதும் ராஜசேகரன் வெளியே ஓடிவந்தார். தாளைப் படித்தார். முகம் கறுத்தது.

"சங்கம் வைக்கிறீங்களா? வெளிய வேலைக்கு ஆயிரம் பேர் நிக்கறான், தெரியுமில்ல?"

"நிக்கட்டும் சார்" என்றான் கோதண்டம். "உள்ள வரட்டும். இன்னா நடந்துச்சுன்னு அவங்களுக்கும் சொல்றோம்."

"ஞானம்மா, நீங்க படிச்சவங்க. நீங்களாவது..."

"படிச்சதாலதான் சார், எழுத்துல குடுத்திருக்கேன். எங்க எழுதி வச்சிருக்கேன்னு நீங்கதானே கேட்டீங்க?"

அவர் போனைக் காதில் வைத்தபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். யாரிடமோ ஆள் கேட்டுக் கத்துவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. சாயங்காலம் வேலை இருக்குமா, நாளைக்கு இந்தக் கதவு திறக்குமா, யாருக்கும் தெரியாது. ஞானகுமாரி உட்காரவில்லை.

பெட்டி ஒட்டுகிற பகுதியிலிருந்து ஆறு பெண்கள், கையில் காயாத பசையோடு எழுந்து வந்தார்கள். முன்னால் நின்ற வரலட்சுமி புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து எங்கக்கா போடணும்?"

"இங்க எடமே இல்லியேடி" என்று மேஜைமேல் கிடந்த தாளைக் காட்டினாள் சுசீலா.

"இல்லாட்டி இன்னா? திருப்புக்கா. பின்னாடி பூரா வெள்ளையாத்தானே கீது."