மாடிக்கு ஏறாத மீன்கடை

பதினெட்டு மாதத்தில் புதுச் சந்தைக் கட்டடம் தயாராகிவிடும் என்று சொல்லித்தான் வியாபாரிகளை பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மூன்று வருடம் ஆகிவிட்டது. முதலில் அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் ஊற்று கிளம்பியது. அதை அடைத்து முடித்ததும் ஒப்பந்தக்காரர் பாதியில் கழன்றுகொண்டார். அடுத்தவரைப் பிடிப்பதற்குள் இன்னும் ஒன்பது மாதம் ஓடியது. ‘தற்காலிகச் சந்தை’ என்ற பலகைக்கே இரண்டாம் முறை பெயின்ட் அடித்தாயிற்று.

கொட்டகையில் மூன்றாவது மீன்கடை மைக் அக்காவுடையது. குரலால் வந்த பெயர். இறால் வந்திருக்கிறது என்று அவள் இங்கே சொன்னால் டிப்போவில் டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மீன் வெட்டுவது அவள் கணவர். ஆறடி உயரம், அளந்துதான் பேசுவார். எதிரே பூக்கடை வைத்திருந்தது அவருடைய அக்கா, அதாவது மைக் அக்காவின் நாத்தனார்.

ஒரு புதன்கிழமை நகராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டு என்ஜினியர் திரையில் கட்டடத்தின் படத்தைக் காட்டினார். உச்சியில் பெரிய கண்ணாடிக் கூரை; வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்க மாடியின் நடுவே திறப்பு. கீழ்த்தளத்தில் பாதி கார் நிறுத்த, மீதி துணிக்கும் பூவுக்கும். மீனும் கறியும் மாடியில். படம் வரைந்த டிசைனர் பெண் ஓரமாக லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

மைக் அக்கா எழுந்தாள். “மீன் மாடிக்கு எப்படி சார் போகும்?”

“லிஃப்ட் இருக்கும்மா.”

“வாங்க வர்றவங்களுக்கும் அதே லிஃப்ட்டா?”

“ரெண்டு இருந்துச்சு. செலவுக்காக ஒண்ண எடுத்துட்டோம்.”

“சரி, மீன் கழுவுற தண்ணி?”

“குழாய் வழியா கீழ இறங்கிடும்.”

“செதில் போய் அடைச்சா ஒழுகுமே சார். எங்களுக்கு நேர் கீழ யாரு கடை?”

என்ஜினியர் படத்தை நகர்த்திப் பார்த்தார். “பூக்கடை.”

“என் பூ மேலயா?” என்றாள் நாத்தனார். மண்டபமே சிரித்தது. டிசைனர் பெண் மட்டும் சிரிக்காமல் ஏதோ எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் கொட்டகைக்கு வந்து நின்றாள், வெள்ளை ஷூவோடு. பத்து நிமிடத்தில் அது வெள்ளையாக இல்லை.

“ஒரு கடைக்கு எவ்வளவு இடம் வேணும்னு பாக்க வந்தேன்க்கா.”

“இத மூணு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாமேம்மா.”

“எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கடை எல்லாம் எங்கெங்கன்னு முடிவு பண்ணிட்டாங்கக்கா. கூரை மட்டும்தான் நான் முழுசா வரைஞ்சது. ரெண்டு வருஷ வேலை.” கூரையைப் பற்றிச் சொல்லும்போது அவள் முகமே மலர்ந்துவிட்டது.

அன்று மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு, டிப்போ தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு மீன்கடையைப் படத்தில் இருந்த அளவிலேயே போட்டாள். சுவர் வரவேண்டிய இடத்தில் கம்பு நட்டுக் கயிறு கட்டினாள். “உள்ள போய் எப்பவும் போல வேலை செய்யுங்க” என்றாள்.

கணவர் வெட்டுக்கட்டையோடும் மைக் அக்கா தராசோடும் உள்ளே போனார்கள். அவர் திரும்பினார்; முழங்கை அவள் தலையில் இடித்தது. அவள் ஐஸ் பெட்டிக்குக் குனிந்தாள். பின்னால் இருந்த கம்பு கயிற்றோடு சாய்ந்தது. டிரைவர்கள் பஸ்ஸைக் கிளப்பாமல் வேடிக்கை பார்த்தார்கள்.

“ஒருத்தர் மூச்சு விட்டா இன்னொருத்தர் வெளிய போகணும் போல” என்றாள் மைக் அக்கா.

“கல்யாணமான புதுசுல இந்த இடம் போதும்” என்றார் கணவர்.

அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். மைக் அக்கா முறைத்தாள். டிசைனர் பெண் சிரித்துக்கொண்டே சுண்ணாம்பை அழித்து மூன்றடி தள்ளிக் கோடு போட்டாள்.

அடுத்த கூட்டத்தில் அவளே எழுந்து பேசினாள். மீன்கடைகளையும் கறிக்கடைகளையும் கீழே கொண்டுவரலாம். கார் நிறுத்தத்தைப் பாதியாக்க வேண்டும். போட்ட தரையை உடைத்து வடிகால் வைக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்று என்ஜினியர் கேட்டார்.

“கண்ணாடிக் கூரைய எடுத்துடலாம் சார். சாதாரணத் தகரமே போதும்.” சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடிவைத்தாள்.

புது அனுமதி வாங்கி வேலையை முடிக்க இன்னும் ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். மற்ற வியாபாரிகளின் கோபமெல்லாம் மைக் அக்கா மேல்தான் திரும்பியது. உன் வாயால்தான் இன்னொரு மழைக்காலம் இங்கே என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நாத்தனார் பேச்சையே நிறுத்திவிட்டாள். வாய் ஓயாத மைக் அக்காவுக்கு எதிர்க்கடையின் அந்த மௌனம் உறுத்தியது. நாம் கேட்டது தப்போ என்று கணவரிடம் இரண்டு தடவை கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

மழை வந்தது. ஒரு மதியம் பூக்கடைக்கு மேலிருந்த தகரம் காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. நாத்தனார் கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிக்க, மைக் அக்கா ஓடிப்போய்ப் பூவை அள்ளிவந்து தன் ஐஸ் பெட்டியில் போட்டு மூடினாள். அரை மணி கழித்துத் திறந்தபோது பூ வாடாமல் அப்படியே இருந்தது. வாசனைதான் பூவுடையதாக இல்லை.

நாத்தனார் ஒரு சரத்தை எடுத்து மோந்து பார்த்தாள். “மேலேர்ந்து சொட்டும்னுதான் பயந்தேன். நீ பெட்டியிலயே போட்டு ஊறவச்சுட்ட.”

ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. “தப்புதான் அண்ணி” என்று மைக் அக்கா சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஐந்து மாதம் என்றது எட்டாயிற்று. திறப்பதற்கு முந்தின நாள் எல்லாரும் புதுக் கட்டடத்தில் கூடினார்கள். டிசைனர் பெண் ஒரு வாளித் தண்ணீரை மீன்கடைத் தரையில் ஊற்றினாள். தண்ணீர் சரிவில் ஓடி வடிகாலில் இறங்கியது. கைதட்டினார்கள். அடுத்த கடையிலும் அப்படியே. மூன்றாவது கடையில் தண்ணீர் மூலையில் போய்க் குளமாக நின்றது.

“என் கடைதானா கெடச்சது?” என்றாள் மைக் அக்கா.

கொத்தனார் உளியோடு வந்து தரையைக் கொத்திச் சரி செய்வதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. டிசைனர் பெண் ஷூவைக் கழற்றிவிட்டு, பேன்ட் விளிம்பு நனைய அங்கேயே குந்தி மட்டம் பார்த்தாள்.

“உன் கூரை போயிடுச்சேம்மா” என்றாள் மைக் அக்கா மெதுவாக.

“போச்சுக்கா. ரெண்டு நாள் அழுதேன்.” அவள் மேலே காட்டினாள். தகரத்தின் நடுவே நீளமாக ஒரு பட்டை, வெளிச்சம் விடுகிற ஷீட். “என்ஜினியரோட சண்டை போட்டு அத மட்டும் வாங்கிட்டேன்.”

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்தப் பட்டை வழியாக வெயில் இறங்கி மீன்கடை வரிசை மேல் விழுந்தது. பலகையில் கிடந்த மீனெல்லாம் மினுமினுத்தது. பூ வாடுகிறது என்று நாத்தனார் துணி கட்டி மறைத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ ஒருவர் டிசைனர் பெண்ணிடம், “கறிக்கடை எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார்.

“இப்படியே நேரா போய் இடது பக்கம் திரும்புங்க” என்று கை காட்டிவிட்டு, அவள் மூன்றாவது கடையில் மீன் வாங்க நின்றவர்களின் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.