மூன்றாவது பூச்சு

"இன்னொரு பூச்சுப் போடு சத்யா. கழுத்து வேற கலராத் தெரியுது" என்றாள் வனிதா. விராலிமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்தாகிவிட்டது.

பார்லர் வைத்திருக்கும் சத்யா மூன்றாவது பூச்சுக்குப் பஞ்சை எடுத்தாள். "இதுக்கு மேல போட்டா, சிரிச்சா வெடிச்சிரும்க்கா."

"அவ சிரிக்க வேணாம்."

வனிதாவின் மகள் சுடர்விழி கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவள். இதுவரை பார்த்துப்போன மூன்று வீட்டாரும் சொன்ன குறை ஒன்றுதான்: பொண்ணு கறுப்பு.

அவள் கூடத்துக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா உண்ணாமலை வாஞ்சையாகக் கேட்டாள். "டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறியாமே, எதப் பத்தி ஆத்தா?"

"அமெரிக்காவுல நூத்தம்பது வருசத்துக்கு முந்தி நடந்த மேடை ஆட்டம், பாட்டு பத்திங்க அத்தை. வெள்ளக்காரங்க மூஞ்சியில கரிய அப்பிக்கிட்டு, கறுப்பின சனங்களக் கேலி பண்ணிப் பாடுவாங்க. கூட்டம் டிக்கெட் எடுத்து வந்து சிரிக்கும்."

"அடப்பாவமே. ஆண்டவன் குடுத்த நெறத்த வச்சுச் சிரிக்கிறதாவது."

"பின்னாடி கறுப்பினத்து ஆளுங்களுக்கும் மேடை கெடச்சுது. அவங்களும் கரியப் பூசிக்கிட்டுத்தான் ஏறணும்."

"அவங்க எதுக்குங்க பூசணும்?" என்றான் மாப்பிள்ளை சேரன்.

"பாக்க வந்தவங்களுக்குப் புடிச்ச மாதிரி இருந்தாத்தானே உள்ள விடுவாங்க."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. "ஒரு நிமிசங்க" என்று எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனாள். முகம் முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் மாமா வாயில் பஜ்ஜியோடு மெல்லுவதை நிறுத்தினார். "அதே பொண்ணுதானா?"

"அதே பொண்ணுதாங்க மாமா" என்றாள் சுடர்விழி.

மறுநாள் தரகர் குழந்தைசாமி போன் செய்தார். மகளும் கேட்கட்டும் என்று வனிதா ஸ்பீக்கரில் போட்டாள். "பொண்ணு அறிவுதாம்மா. ஆனா கலர் ஒத்துவரலயாம். அந்த அமெரிக்காக்காரங்க பண்ணது பெரிய அநியாயம்னு மட்டும் உண்ணாமலையம்மா பாக்குறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க."

வனிதா மகளைப் பார்த்தாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பொண்ணு கறுப்புன்னு மொதல்லயே சொல்லிருங்கண்ணே" என்றாள் வனிதா. "அதக் கேட்டுட்டும் வர்றவங்க வந்தாப் போதும்."