லூர்தம்மாளின் தவக்காலம்

ஸ்ரீபெரும்புதூர் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த லூர்தம்மாளுக்கு, 1991-ஆம் வருஷத்துத் தவக்காலம் சாம்பல் புதனன்று ஆரம்பிக்கவில்லை. அதற்கு முந்தின நாள், அக்கவுண்ட்ஸ் வசந்தகுமார் அவளை ஜன்னலண்டை கூப்பிட்டபோதே ஆரம்பித்துவிட்டது.

"அரியர்ஸ் கொடுத்தப்போ இன்கம்டாக்ஸ் பிடிக்க விட்டுப்போச்சும்மா. அறுநூத்து இருபது ரூபா. இந்த மாசம் பாதி, மார்ச்சுல பாதி, சம்பளத்துல பிடிச்சாகணும்."

"வுட்டது நீங்கோ, குடுக்கறது நானா சார்?"

வசந்தகுமார் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அரியர்ஸ் பணம் எப்போதோ கேஸ் அடுப்பாகவும் மகள் நிலாவின் ஸ்கூல் ஃபீஸாகவும் மாறியிருந்தது. சொசைட்டி லோன் போக வருகிற சம்பளத்தில் மாசக் கடைசி எப்போதும் இழுபறிதான். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் பணம் கைக்கு வந்த அன்றே புருஷன் சவரிமுத்து, "வரி கிரி வரப்போவுது, கொஞ்சம் எட்த்து வை" என்று சொல்லியிருந்தான். "பஞ்சர் ஒட்றவனுக்கு வரியப் பத்தி இன்னா தெரியும்?" என்று அவன் வாயை அடைத்தவள் இவள். இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

மறுநாள் நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தவள் வீட்டில் அறிவித்தாள்.

"இந்த வருசம் ஒழுங்கா நோன்பு இருக்கப் போறோம். கறி, மீன், முட்டை ஒண்ணும் கெடையாது. டீ ஒருவேளை. சினிமா பேச்சே எடுக்கக்கூடாது."

"வெள்ளிக்கெழமை மட்டுந்தானே சுத்தபோசனம்?" என்று இழுத்தான் சவரிமுத்து.

"ஏசுநாதர் வெள்ளிக்கெழமை மட்டுமா பட்டினி கெடந்தாரு?"

சவரிமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். பக்கத்து வீட்டு நாத்தனார் ஞானம்மாதான் பூரித்துப்போனாள். இத்தனை நாள் தம்பி பெண்டாட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வாய், இப்போது ஊரெல்லாம் அவள் பக்தியைப் பரப்பியது. நிலா ஒருநாள் வெறும் ரசச்சோற்றைப் பிசைந்தபடி, "ஏசப்பாவுக்காகத்தானேம்மா?" என்று கேட்டபோது மட்டும் லூர்தம்மாளுக்குச் சுருக்கென்றது. 'ஆண்டவரே, நோன்பு நெசந்தான். காரணத்ததான் மாத்திச் சொன்னேன்' என்று சமாதானம் செய்துகொண்டாள்.

வரி கட்டி முடிந்தது. ஈஸ்டர் பூசையில் பங்குச்சாமியார் பீடத்திலிருந்தே அந்தக் குடும்பத்தைப் புகழ்ந்தார். ஞானம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பூசை முடிந்ததும் சாமியார் வாசலில் வழிமறித்தார்.

"நோன்பிருந்து மிச்சம் பிடிச்சது ஏழைகளுக்குத்தானேம்மா சேரணும்? உண்டியல்ல போட்டாச்சா?"

சவரிமுத்துவும் ஞானம்மாவும் அவள் முகத்தையே பார்த்தார்கள். கோயில் வாசலில் பொய் சொல்ல லூர்தம்மாளுக்குத் துணிச்சல் வரவில்லை.

"அது... குடுத்தாச்சு சாமி."

"யாருக்கு?"

"கவர்மெண்டுக்கு. இன்கம்டாக்ஸு பாக்கி. கவர்மெண்டும் பஞ்சத்துலதான் கீதுன்னு பேப்பர்ல போடறான், சாமி."

சாமியார் ஒரு கணம் விழித்தார். பிறகு அங்கி குலுங்கச் சிரித்தார். ஞானம்மா மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள்.

வழியெல்லாம் சவரிமுத்து ராஜா மாதிரி வந்தான். "நான் அன்னிக்கே சொன்னனா இல்லியா? பஞ்சர் ஒட்றவன் சொன்னனா இல்லியா?"

"சொன்னே, சொன்னே."

"நாப்பது நாள் என் வாயக் கட்டிட்டியேமே!"

"கட்டுனேனா? பஸ் ஸ்டாண்டு ராமன் கடைல தெனம் சாயங்காலம் மெளகுபோட்ட ஈரல் துன்னது யாரு? மசாலாக் கறையோட வர்ற சட்டைய தொவைக்கறவ நான்தானே?"

ராஜாவின் நடை தளர்ந்தது. முன்னால் போகிற அக்காவைப் பயத்தோடு பார்த்தான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இதுவரைக்கும் தெரியாது," என்றாள் லூர்தம்மாள். "ஆமா, அடுத்த டேர்ம் நிலா ஃபீஸ யாரு கட்டறது, நீயா, நானா?"