அறிக்கையில் இருந்த பாலம்

கல்வெட்டில் தன் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது விஜயராகவனுக்குப் பொறுக்கவில்லை. பழவேற்காட்டின் ஓரத்தில் ஏரியை ஒட்டி வளர்த்த நகர்க்காட்டின் வாசலில் நின்று, அளவுகோலால் எழுத்துகளை அளந்துகொண்டிருந்தார். மறுநாள் திறப்பு விழா. அவர் ஓய்வுபெற்ற செயற்பொறியாளர். நகர்க்காட்டுக் குழுவின் கௌரவ ஆய்வாளர்.

"ஹரிஷ், 'கௌரவ' என்பதைச் சற்றுப் பெரிதாகச் செதுக்கியிருக்கலாமே?"

"கல்லுல எடம் பத்தல சார். வேணும்னா பெயிண்ட்ல இழுத்துர்லாம்" என்றான் ஒப்பந்தக்காரன் ஹரிஷ்.

பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை: 'எளிய சுற்றுப்பாதை. இரண்டு கிலோமீட்டர். முதியோரும் சிறுவரும் அச்சமின்றி நடக்கலாம்.' அந்த 'அச்சமின்றி' விஜயராகவனின் சொந்தச் சேர்க்கை.

அவர் மனைவி சரோஜா முழங்கால் வலிக்காரி. மீஞ்சூரிலிருந்து கூட வந்தவள், எழுத்து அளப்பதை எவ்வளவு நேரம்தான் வேடிக்கை பார்ப்பாள்? பலகையைப் படித்தாள், நம்பினாள், உள்ளே போய் அரைமணி நேரமாகிவிட்டது.

கைப்பேசி அடித்தது.

"ஏங்க, மூணாவது வளைவுல மரப்பாலம்னு படம் போட்டிருக்கே, அது எங்க?"

"கால்வாய்க்கு மேலதான் இருக்கும். நல்லாப் பாரு."

"கால்வாய் இருக்கு. பாலம் இல்ல. காஞ்ச தரைதானேன்னு கால வெச்சேன், முழங்கால் வரைக்கும் போயிடுச்சு. எடுக்க எடுக்க உள்ள இழுக்குதுங்க. தண்ணி வேற ஏறிட்டு வருது."

விஜயராகவன் ஹரிஷைப் பார்த்தார். ஹரிஷ் கல்வெட்டைப் பார்த்தான்.

"பாலம் எங்கடா?"

"அடுத்த மாசம் போட்டுர்லாம்னுதான் சார்... நீங்கதான் கையெழுத்துப் போட்டுட்டீங்களே."

போட்டுத்தான் இருந்தார். இதே வாசலில், குளிரூட்டிய காருக்குள் உட்கார்ந்தபடி, 'நேரில் நடந்து ஆய்வு செய்தேன். பாலம் உறுதியாக உள்ளது' என்ற வரிக்குக் கீழே. அன்று அவர் காலில் புதுச் செருப்பு. ஒரு பைசா லஞ்சம் வாங்கியவரல்லர். அதில் அவருக்கு அபாரப் பெருமை. சோம்பலுக்கு யாரும் லஞ்சம் தர வேண்டியதில்லையே.

ஓடினார். சவுக்குத் தோப்புக்குள் பாதை இரண்டாகப் பிரிந்தது. தாமே சான்றளித்த பாதையில் இடது பக்கமா வலது பக்கமா என்று ஆய்வாளருக்குத் தெரியவில்லை. வலது பக்கம் போனார், முள்வேலி வந்தது. திரும்பி ஓடிவந்தார். "சரோஜா!" என்று கத்தினார். இடது பக்கமிருந்து, எங்கோ தொலைவிலிருந்து, பதில் வந்தது.

கால்வாயின் நடுவே தொடைவரை புதைந்து நின்றாள் சரோஜா. கடல் ஏற்றத்தால் ஏரித் தண்ணீர் சேற்றின் மேல் மெல்லிய கண்ணாடிபோல் பரவிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் இறங்கினார். நான்காவது அடியில் அவர் காலும் போயிற்று. ஒரு காலை இழுத்தால் மறுகால் இன்னும் ஆழம் போனது.

அப்போது கால்வாய்த் தண்ணீரில் தவழ்ந்தபடி ஒரு பெண் வந்தாள். கையால் தடவி இறால் பிடிக்கும் அம்மணி. இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருந்ததால் பேச முடியாமல், உள்ளங்கையால் சேற்றைத் தட்டித் தட்டிக் காட்டினாள். அமைதியாயிருக்கச் சொல்கிறாள் என்று விஜயராகவன் நினைத்துக்கொண்டார்.

"நான் பதற்றப்படவில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தினார். இன்னும் நாலு விரற்கடை இறங்கினார்.

அம்மணி பறியை வாயிலிருந்து எடுத்தாள். "படுன்றேன் சார்! குப்புறப் படு! நின்னா உள்ள இழுத்துக்கும்."

"படுப்பதா? நான் யார் என்று..."

"நீ யாரா வேணா இரு, சேத்துக்கு இன்னா தெரியும்? எக்கா, நீ மொதல்ல சாஞ்சி படு. வயிறு சேத்துல படட்டும். கால இழுக்காத, மெள்ள ஆட்டு."

சரோஜா சரிந்தாள். தண்ணீர் மோவாயைத் தொட்டது. "வாய்க்கு வருதும்மா!"

"எந்தோள்ல மோவாய வை. நானும்தான் படுத்துங்கீறேன், இன்னா ஆயிட்ச்சி?" அம்மணி அவள் பக்கத்தில் நீட்டிப் படுத்து, காலோரமாகக் கையை விட்டுச் சேற்றைத் தோண்டினாள். தோண்டிய இடத்தில் தண்ணீர் புகுந்தது. ஒரு கால் வந்தது. வலிக்கிற கால் வரவில்லை. சரோஜா மூக்கை மேலே தூக்கிக்கொண்டாள். அம்மணி இன்னொரு முறை மூழ்கித் தோண்டினாள். அதுவும் வந்தது.

விஜயராகவன் அதற்குமேல் யாருக்காகவும் நிமிர்ந்து நிற்கவில்லை. கஞ்சி போட்ட சட்டையோடு குப்புற விழுந்து, பத்து மாதக் குழந்தையைப்போல் கரைக்குத் தவழ்ந்தார்.

கரையில் மூச்சு வாங்கும்போதுதான் அம்மணியின் முகம் அவருக்குப் பிடிபட்டது. அவர் கையெழுத்துப் போட்ட அன்று வாசலில் காரருகே வந்து, "அந்த எடம் காஞ்ச மாரி தெரியும் சார், உள்ள புதைசேறு" என்று சொன்னவள் இவள்தான். "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லி, எங்கேயும் பதியாமல் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டவர் அவர்தான்.

ஹரிஷ் மெல்ல வந்து சேர்ந்தான். "சார், இத வெளிய சொல்ல வேணாம். ராவோட ராவா நாலு பலகைய அடிச்சிர்லாம். நாளைக்கு நூறு ஸ்கூல் பசங்க வர்றாங்க, நிறுத்துனா அசிங்கம்."

விஜயராகவன் அவன் கைப்பேசியை வாங்கி, குழுத் தலைவரை அழைத்தார். "நான் விஜயராகவன். மூணாவது வளைவுல பாலம் இல்ல. நான் உள்ள போய்ப் பார்க்கவே இல்ல; பார்த்ததா எழுதிட்டேன். கேட்டைப் பூட்டச் சொல்றேன். என் மேல என்ன நடவடிக்கையோ, எடுங்க."

பேசி முடித்துவிட்டு, யாராவது ஒரு வார்த்தை பாராட்டுவார்கள் என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். சரோஜா கால் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மாட்டினது நானா இல்லாம இருந்தா, இந்த ஃபோனைப் பண்ணியிருப்பீங்களா?"

"பண்ணியிருக்க மாட்டேன்" என்றார்.

"அதான் தப்பு. ஒவ்வொரு கையெழுத்துக்குக் கீழயும் யாரோ ஒருத்தர் வீட்டு ஆளு நடந்து போறாங்க. நடந்து பார்க்காத வழிக்குக் கையெழுத்துப் போடறதும் ஆளைப் பிடிச்சுச் சேத்துல தள்ளறதும் ஒண்ணுதாங்க."