ஒடிலி வீட்டுக் கோட்டைக் கல்

"இது எங்க கோட்டைக் கல்லாச்சே. உங்க வீட்டுச் சுவத்துக்கு எப்படி வந்துச்சு?"

"நடந்து வரல. எங்க பாட்டன்மார் தூக்கிட்டு வந்தாங்க."

"அதாவது, திருடிட்டு."

"அந்தக் கல்லை மலைமேல சுமந்துட்டுப் போனதும் எங்காளுங்கதான், காப்பாளரே. கூலி கிடையாது, சவுக்கடி உண்டு. மேல கொண்டுபோனவன் கீழ கொண்டுவந்தா திருட்டா?"

எட்டு வருஷத்துக்கு முந்தைய பேச்சு இது. அன்று ஹினெக் சிரித்தபடி சூப் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒடிலியின் அடுக்களையில் அவருக்கு ஈரல் உருண்டை சூப் காத்திருந்தது. அவள் கணவன் செத்து வெகுநாளாகியிருந்தது. அவர் சதுக்கத்து அரண்மனையின் காப்பாளர். அரண்மனை அரசாங்கத்துடையது, அதன் வாசலறையில் கிடந்த கட்டில் மட்டும்தான் அவருடையது.

ஸ்வோலெனோவ் போன்ற ஊருக்கு ஒரு கோட்டையே அதிகம். மலைமேல் இருந்ததை முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு போரில் ஸ்வீடன் படை கொளுத்தியது. பிரபுக் குடும்பம், இனி மலையேறி மூச்சு வாங்குவானேன் என்று கீழே சதுக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டது. இடிபாட்டுக் கற்களால் ஊரார் மாட்டுக்கொட்டில் கட்டினார்கள். ஒடிலியின் வீட்டுக்கு வந்தது, மூன்று மீன்கள் செதுக்கிய ஒரு நிலைக்கல். உள்ளறைச் சுவரில் அலமாரித் தட்டுபோலப் பதிந்திருந்த அதன்மேல் அவள் பிளம் பழக்கூழ் ஜாடிகளை அடுக்கியிருந்தாள்.

இந்தச் சனிக்கிழமை அரண்மனையில் புதுக் கூடம் திறந்தார்கள். ஒடிலியும் போனாள். தரை கீறாமலிருக்க எல்லாருக்கும் கொடுக்கும் கம்பளிச் செருப்பைக் காலணிமேல் மாட்டிக்கொண்டு கடைசியில் நின்றாள். சுவரில் செதுக்குக் கற்கள் வரிசையாக இருந்தன. நடுவில் கல் பதிக்க வெட்டிய பள்ளம் ஒன்று மட்டும் காலி.

"ஊர்மக்கள் கொள்ளையடித்துப் போன கல் ஒன்றுக்காக இந்த இடம் காத்திருக்கிறது," என்றார் ஹினெக், பார்வையாளர்களுக்கென்று வைத்திருக்கும் குரலில்.

ஒடிலி அந்தப் பள்ளத்தையே பார்த்தாள். அவள் வீட்டுக் கல்லின் அதே நீளம், அதே உயரம். இடது மூலையின் உடைசல் சாய்வுகூட அப்படியே இருந்தது. கண்ணால் பார்த்து மட்டும் இப்படி வெட்ட முடியாது. அளவெடுத்திருக்கிறார், அவள் வீட்டுக்குள், அவள் சமைத்துப் போட்டதைச் சாப்பிட வந்தபோது.

செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு நடந்தாள். எனக்காக வர்றார்னு நினைச்சேனே, கல்லுக்காகத்தானா? வழியெல்லாம் அதே கேள்வி. வீட்டுக்கு வந்ததும் கடப்பாரையை எடுத்தாள்.

மறுநாள் மதியம் ஹினெக் வந்தபோது ஜாடிகளும் கல்லும் தரையில் கிடந்தன. சுவரில் பெரிய ஓட்டை. அதன் வழியே பக்கத்து வீட்டுக் கோழி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்க. தள்ளுவண்டி வாசல்ல நிக்குது, எடுத்துட்டுப் போங்க."

"ஒடிலி..."

"சூப் கிடையாது. அரண்மனையில போட்டுக் குடிங்க. எப்ப அளந்தீங்க?"

"வசந்தத்துல. பார்ஸ்லித் தழை பறிக்கத் தோட்டத்துக்குப் போனீங்களே, அப்ப. மேலதிகாரிங்க நச்சரிச்சாங்க. அளவை அனுப்பிட்டா சும்மா இருப்பாங்கன்னு நினைச்சேன்."

"நான் உங்க சூப்புக்குத் தழை கிள்றேன், நீங்க என் சுவத்துல டேப் பிடிக்கிறீங்க. நல்லாருக்கு நியாயம். கொள்ளைக்காரங்க வீட்டுல சாப்பிட வாய் கூசலையா?"

"அது மேலிடத்துல எழுதிக் கொடுத்த வரி."

"வாய் உங்களோடதுதானே?"

ஹினெக் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தூக்கப் பார்த்தார். அது அசையவில்லை.

"என்ன பண்றீங்க?"

"குளிர்காத்து வருது. திரும்ப வெச்சுடறேன்."

"ஒண்ணும் வேணாம்." ஒடிலி அந்தக் கல்லின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "பிரபு எங்க முதுகொடிஞ்ச உழைப்பை எடுத்தான். அவன் கணக்கப்பிள்ளை குதிரையை ஓட்டிட்டுப் போனான். உலகப் போருக்கப்புறம் அரசாங்கக் கூட்டுப்பண்ணைக்காரன் நிலத்தை எடுத்தான், அதே அரண்மனையில மேசை போட்டு உக்காந்து. அந்த வாசல்லேர்ந்து வந்த ஒருத்தனும் எங்ககிட்ட எதையும் கேட்டதில்ல. எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். நீங்களாவது வாயைத் திறந்து கேப்பீங்கன்னு பாத்தேன். கேட்டா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

"ஒரு கல்லுக்கா?"

ஹினெக் காதுவரை சிவந்தார். "கல்லைப் பத்தி யார் பேசினா?"

ஒடிலியின் கோபம் இறங்கவில்லை. "அப்ப எதைப் பத்தி? இவ்வளவு வருஷம் மென்னு முழுங்கினது போதும். கேக்கறதா இருந்தா இப்பவே கேளுங்க. இல்லைன்னா வண்டியைத் தள்ளிட்டுக் கிளம்புங்க."

அவர் கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"ஒடிலி, நான் இங்கயே, உங்ககூடவே இருந்துக்கட்டுமா?"