மூன்று நாள் முந்திய தாலி

"தனம், உங்களுக்கு மொத்தம் எத்தனை தடவை கல்யாணம் ஆச்சும்மா?"

அண்ணனின் வக்கீல் இப்படிக் கேட்டதும் பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே என் கூடப்பிறந்த ராமதாஸ், வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வழக்கு, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் மூன்று ஏக்கர் பூர்விக நிலத்துக்கு. அப்பா தன் பங்கை அவனுக்கே உயில் எழுதிவிட்டுப் போய்விட்டார். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மல்லாட்டைக் கடலை பிடுங்கிய கொல்லை அது. எனக்கு மிஞ்சிய ஒரே பிடி, எண்பத்தொன்பதில் நம் மாநிலத்தில் கொண்டுவந்த சட்டம். மார்ச் இருபத்தைந்தாம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்த மகளுக்கு, மகனைப் போலவே பிறப்பிலேயே பங்கு உண்டு. அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தால் கிடையாது. அப்பா, அவன், நான் என்று மூன்று பங்கு. எனக்கு ஒன்று ஒரு ஏக்கர், இல்லாவிட்டால் ஒரு பிடி மண்கூட இல்லை.

பஸ் கண்டக்டர் ஏழுமலை எனக்குத் தாலி கட்டியது அந்த வருஷம் பங்குனி உத்திரத்தன்று, மார்ச் இருபத்திரண்டு. அடி அண்ணாமலை கோயிலில், அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் முன்னால். நாலாம் நாளே ராமதாஸ் எங்களைத் தேடிப் பிடித்தான். "டிக்கெட் கிழிக்கிறவன் கட்டுனா அது தாலியாடி?" என்று கேட்டு நடுரோட்டில் அதை அறுத்து எறிந்தான். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த பிறகு, வேறு வழியில்லாமல், வைகாசியில் பத்திரிகை அடித்து அதே ஏழுமலைக்கே கட்டிவைத்தார்கள். பதினான்கு வருஷமாக ராமதாஸுக்கு அந்த வைகாசிதான் கல்யாணம். முதல் தாலியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால், "அது ஓடுகாலித்தனம், கல்யாணம் இல்ல" என்பான். என் வீட்டுக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசியதுகூடக் கிடையாது.

இப்போது அவனே பதில் மனுவில் எழுதியிருக்கிறான். நாலு பேர் முன்னால் தாலி கட்டினாலே போதுமாம், ஐயரும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம், சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி அது முழுமையான கல்யாணமாம். ஆகவே நான் மார்ச் இருபத்திரண்டிலேயே கல்யாணமானவளாம். சுயமரியாதையைப் பற்றிப் பேச வந்துவிட்டான்! அதற்குச் சாட்சியாக ஏழுமலைக்கே கோர்ட் மூலம் சம்மன் அனுப்பியிருந்தான்.

"ஜூன் ஒம்பதாந்தேதி, வைகாசியில நடந்த ஒன்னுதான் கல்யாணம்னு சொல்லுங்க. வேற ஆதாரம் எதுவும் அவங்க கையில இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்டயும் பேசிடுங்க" என்று என் வக்கீல் கஸ்தூரி சொல்லியிருந்தார். தலையாட்டினேனே தவிர, ஏழுமலையிடம் பேசவில்லை. பங்குனி உத்திரம் வந்தால் பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டு, எனக்குப் பூ வாங்கி வருகிற மனுஷன். அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

"அதே வருஷம் டிசம்பர் பதிமூணு பொண்ணு பொறந்திருக்கு. ஜூன்லதான் கல்யாணம்னா எங்கயோ இடிக்குதே?" என்றார் அண்ணனின் வக்கீல்.

கஸ்தூரி எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி நிமிராமலே, "மார்ச் இருபத்திரண்டாந்தேதி கல்யாணம் நடந்துதா, இல்லியா? அத மட்டும் சொல்லும்மா" என்றார்.

"நடக்கலைங்க."

டைப்பிஸ்ட் அதை அப்படியே அடித்தார். ஒன்பதாவது படிக்கிற என் பெண் கவிநிலாவை ஒரே சொல்லில் என்னவாக ஆக்கிவிட்டேன். பதினான்கு வருஷமாக அவன் சொல்லி வந்ததை இன்றைக்கு நானே கோர்ட்டில் சொன்னேன். ஒரு ஏக்கர் தன் கைவிட்டுப் போகிற நேரத்திலும் ராமதாஸின் உதட்டில் சிரிப்பு வந்தது. நீ நாசமாய்ப் போக என்று மனசாரச் சபித்தேன்.

சாட்சி என்பதால் ஏழுமலையை வெளி வராந்தாவிலேயே உட்காரவைத்திருந்தார்கள். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, "என்னா கேட்டாங்க?" என்றார்.

"என்னென்னமோ கேட்டாங்க."

அவர் மேற்கொண்டு தோண்டித் துருவவில்லை. ஊறுகாயை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கூண்டில் ஏறினார். கஸ்தூரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்களுக்கும் தனத்துக்கும் எப்பங்க கல்யாணம் ஆச்சு?" அண்ணனின் வக்கீல் குரலில் அத்தனை மரியாதை.

"எண்பத்தொம்போது, பங்குனி உத்திரம்ங்க." கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற பஸ் குரலில் சொன்னார் ஏழுமலை. "அடி அண்ணாமலை கோயில்ல, காலையில ஏழு மணி இருக்கும். யாரு என்னா சொன்னாலும் அதாங்க எங்க கல்யாணம்."

டைப் மெஷின் மறுபடி தட்டத் தொடங்கியது. கஸ்தூரி பேனாவை மூடி வைத்தார். கூண்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஏழுமலை, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.